இரண்டு சதம்

குருநகரில், கோயில் மண்டபத்தில்,
பியானோவின் முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தினேன்.
உள்ளே பல்லிமுட்டைக் கோது, அறுந்த செபமாலையின் குருசு,
விளிம்பு நெளிந்த பத்துச் சதக் குத்தி ஒன்று.
குத்தியை பெனற்றா ரீச்சரிடம் நீட்டினேன்.
"இதுக்கு இப்ப ஒரு ரொபியும் வராது" என்றா.

மத்தியானம் வரை காதால்தான் சேர்த்தேன்.
பக்கத்து ஐஸ் பக்டரியின் மோட்டர்
விடிந்ததிலிருந்து ஒரே சுரத்தில் உறுமியது.
அரைமணியில் எனக்கு அது கேளாமற் போயிற்று.
வேண்டாததை வாசலில் நிறுத்தி வைக்கக்
காதுக்குத் தெரியும்.

சாப்பிட்டு வந்த ரீச்சர்
போனை நிமிர்த்தி மூடியில் சாய்த்து வைத்தா.
நடு ஏ, பச்சை.
அதற்கு மேல் ஏ, சிவப்பு.
"இரண்டு சதம் கூட நிக்குது, இக்னேசியா."

சிரித்துவிட்டேன்.
அரைச் சுரத்தை நூறாய் நறுக்கி
அதில் இரண்டு துண்டு.
ரீச்சர் சிரிக்கவில்லை.
உண்டியல் காசில் எனக்குச் சம்பளம்.

எப்படிச் சொல்வேன்?
கம்பி எஃகு. வளைய மனமில்லாதது.
கணக்கில் இரட்டிப்பு என்றால் இரட்டிப்பு.
கம்பியின் வயிற்றுக்குள் ஒலிக்கும் இரட்டிப்போ
கணக்கைத் தாண்டிக் கொஞ்சம் மேலே நிற்கும்.
கட்டையான பியானோவில் இன்னும் மேலே.
மேல் ஏ கணக்கைப் பார்த்து நிற்பதா,
கீழ் ஏயைப் பார்த்து நிற்பதா?

இதையெல்லாம் சொல்லவில்லை.
"சரி, பச்சையாக்கிறன்" என்று மட்டும் சொன்னேன்.
சாவியை ஒரு மயிரளவு தளர்த்தினேன்.
போன் பச்சை காட்டியது.
இரண்டு ஏயையும் சேர்த்து அமத்திப் பிடித்தேன்.

வா… வா… வா…
நொடிக்கு ஒன்றாய்,
குளிரில் ஒருவர் நடுங்குவது போல.

ரீச்சர் போனைப் பார்த்தா.
பியானோவைப் பார்த்தா.
திரும்பவும் போனை.
"பச்சையில நிண்டுகொண்டு ஏன் அழுகுது?"

இரண்டு சதத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.
அலை அடங்கியது.
இரண்டு கம்பி என்று சொல்ல முடியாதபடி
ஒரே ஏ
மண்டபத்தின் கடைசி வாங்கு வரை போயிற்று.

அடிக் கட்டைகளில் போனுக்குப் புத்தி பேதலித்தது.
ஐஸ் பக்டரியையும் பியானோவையும்
ஒரே காதால் கேட்டது பாவம்.
முள் ஜீக்கும் அதன் கறுப்புக் கட்டைக்கும் இடையில்
வழி தெரியாத மாடாய் நின்றது.
ரீச்சர் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டா.
நான் வென்றதாய் நினைத்திருப்பா.

அவ தேத்தண்ணி போடப் போன நேரம்
என் பையைத் திறந்தேன்.
என்னிடமும் ஒன்று இருக்கிறது.
விலை கூடினது; ஒவ்வொரு கம்பியையும் முதலில் கேட்டு
அதன் பிடிவாதத்தை அளந்த பிறகே முள்ளை அசைக்கிறது.

எட்டு வருசமாய் என் இடது காதில்
ஒரு நுளம்பு குடியிருக்கிறது.
இரவும் பகலும் ஒரே சுரம்,
உச்சிக் கட்டைகளுக்குப் பக்கத்தில் எங்கேயோ.
மோட்டரை வாசலில் நிறுத்திய காதுதான்,
உள்ளே பிறந்ததை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்?
கடைசிப் பத்துக் கட்டையில் எது கம்பி, எது நுளம்பு,
எனக்குத் தெரியாது.
போனுக்கு நுளம்பு கேளாது.
சத்தத்தை முழுதாய் நிறுத்தி, மடியில் வைத்து,
பரீட்சையில் பார்த்தெழுதுகிற பெட்டை போல
பத்தையும் முடித்தேன்.

தேத்தண்ணியோடு வந்தவ
உச்சி சீயைச் சுண்டிப் பார்த்தா.
"காதெண்டால் காதுதான்" என்றா.
குடித்தேன். சீனி கூட.

மூன்றாம் நாள் அழைப்பு.
"எல்லாம் தேன் மாதிரி இருக்கு, இக்னேசியா.
நடுவில ஒரு கட்டை மட்டும்
அமத்தினால் எழும்புதில்லை."

வாடைக்காற்று தொடங்கியிருந்தது.
மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும்.
சுரண்டுதாளும் பத்துச் சதக் குத்தியும் எடுத்துக்கொண்டேன்.
கட்டைக்கு அடியில் அண்டை கொடுக்க
அந்தக் குத்தியின் தடிப்பு சரியாய் இருக்கும்.