கையில் இல்லாதது

பேரணாம்பட்டில் சுண்ணாம்புத் தொட்டி நாற்றம்
பனிக்காலத்தில் தரையோடு ஊர்ந்து வரும்.
அப்படியொரு காலையில் வங்கியிலிருந்து தேன்மொழி மேடம்:
"டாலர் தொண்ணூறு நாளில் எங்கே நிற்குமோ,
ஃபார்வர்டு போட்டுவிடுங்கள் சார்."

நான் கணக்கு எழுதுகிறவன். போன் கைமாறியது.
முதலாளி முஷ்தாக் பாய்
ஹலாலா ஹராமா என்று அந்தம்மாவிடமே கேட்டார்.
அவர் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியாதுங்க.
விசாரித்து இரண்டு மணிக்குள் சொல்லுங்கள்.
அப்புறம் ரேட் மாறிவிடும்."

ஹஸ்ரத்துக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு.
ஒளூ செய்த ஈரம் முழங்கையில் சொட்ட
படியிலேயே நின்று கேட்டார்:
தோல் இருக்கிறதா?
இருக்கிறது. நாற்பதாயிரம் சதுர அடி, டிரம்மில் சுற்றுகிறது.
ஆர்டர்?
ஹாம்பர்க்கிலிருந்து. கையெழுத்தோடு.
டாலர்?
வரும்.
வந்ததா, வருமா?
வரும்.

பணத்துக்குப் பணம் என்றால்
கைக்குக் கை, அதே இடத்தில், என்றார்.
இன்றைக்குப் பேசி அன்றைக்குத் தருவது வியாபாரமாகாது.
ஒரு பக்கம் மட்டும் வாக்குக் கொடுத்துக்கொள்ளலாம்,
அதைச் சிலர் ஒப்புகிறார்கள்.
ஃபார்வர்டைக் கூடாது என்போர்தான் அதிகம்,
நான் அவர்களோடு நிற்கிறேன், ஆனால்

ஆனாலுக்குப் பிறகு பாங்கு சொல்லிவிட்டார்கள்.

நான் கேட்க நினைத்தது இதுவும் இல்லை.
சட்டைப் பையில் என் போன் சூடாக இருந்தது.
எக்ஸ்பைரி நாள். காலை டீ குடிக்கையில்
ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய நிஃப்டி கால் ஆப்ஷன்
இருபதாயிரத்து முந்நூறில் துடித்துக்கொண்டிருந்தது.
செருப்பைக் கழற்றும்போதே விற்றேன்.
முதல் ஸஃப்பில் இடம் கிடைத்தது.
தோல் இருக்கிறதா என்று என்னைக் கேட்டிருந்தால்
இந்த மேல்தோல்தான் இருக்கிறது என்றிருப்பேன்.

சூரத்திலோ சேலத்திலோ
அதே நேரம் ஒருவன் தன் போனை மேசைமேல் கவிழ்த்திருப்பான்.
அவனும் டீ குடித்திருப்பான்.

வங்கி வட்டியைத் தொடாமல் போட்டுவைக்கும்
பிஸ்கட் டப்பா ஒன்று வீட்டில் உண்டு;
நிரம்பினால் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குப் போகும்.
பதினோராயிரத்து முந்நூறையும் அதில் போட்டேன்.
எங்கிருந்து என்று நுஸ்ரத் கேட்கவில்லை.
மூடியை மட்டும் இன்னொரு முறை அழுத்தினாள்.
செயலியை நான் அழிக்கவில்லை.

அன்று ராத்திரி அவள் தம்பி ஜாவித் வந்தான்.
குடியாத்தம் ரோட்டில் மாந்தோப்பு பிடித்திருக்கிறானாம்,
பூவிலேயே. இரண்டு லட்சம்.
காய் நிறம் மாறும்வரை விற்காதே என்பதை
அவனும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து ஓதியவர்கள்.
ஊரே பூவில்தான் பிடிக்கிறது, அவனை என்ன சொல்ல.
"இதுக்கு எக்ஸ்பைரி எப்போடா?"
"காத்து அடிச்சா" என்றான், சோற்றைப் பிசைந்தபடி.

முதலாளி ஃபார்வர்டு போடவில்லை.
தொண்ணூறாம் நாள் டாலர்
ஒரு ரூபாய் பத்துக் காசு ஏறி வந்தது.
அல்ஹம்துலில்லாஹ் என்று ஊருக்கெல்லாம் பிரியாணி.
மாற்று விகித லாபம் என்று எழுதினேன்.
இறங்கியிருந்தால் அதற்கும் அதே பக்கத்தில் ஒரு வரி உண்டு.
போடாமல் விட்டதும் ஒரு பந்தயம்தானே
என்று எழுதப் பேரேட்டில் பத்தி இல்லை.

அதே வாரம் காற்று அடித்தது.
விடிகாலையில் ஜாவித் டெம்போவோடு வந்தான்,
ஊறுகாய்க்காரனுக்கு மூட்டை எண்பது ரூபாய் என்று.
ஒரு பிஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.
காம்பில் பால் இன்னும் காயவில்லை.

"இப்ப கையில இருக்கு மச்சான்.
இப்ப விக்கலாம்ல?"