பகர அடைப்புக்குள்

ஆரியகுளம் சந்திக்குக் கிட்ட, மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
மணிக்கு இவ்வளவு என்று காசு.
படங்களில் கேட்கிற சத்தங்களுக்குப்
பகர அடைப்புக்குள் பெயர் எழுதுகிறோம்,
காது கேளாதவர்கள் வாசிக்க.

இருநூற்றுப் பதினாலு ஆங்கிலச் சொற்களை
மெல்பேர்னிலிருந்து பட்டியலாக அனுப்பியிருந்தார்கள்.
தட் என்றால் பாரமானது மெத்தென்று விழுவது.
தம்ப் என்றால் அதே பாரம், கொஞ்சம் கோபத்தோடு.
கிளாங் இரும்பு. கிளிங்க் கண்ணாடி.
ரஸில் என்றதும்
வடலிக்குள் யாரோ நடக்கிறார்கள் என்று நினைத்தேன்;
பட்டியலோ பட்டுப்பாவாடை என்றது.
இசைக்குத் தனிப்பக்கம்:
மெலோ, லில்ட்டிங், சொம்பர், ஹோன்டிங்.
ஒரு வயலினுக்கு இவ்வளவு மனநிலையா என்று
அமலதாஸ் கேட்டான்.
அவன் எல்லாவற்றுக்கும் 'சோக இசை' என்றே போடுவான்.
வேலை கெதியாய் முடியும்.

ஹஸ்கி என்பதற்குக் கரகரத்த குரல் என்று எழுதினேன்.
றோஸ்லின் பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள்.

றோஸ்லின் குருநகர். ஒன்பது வயதில் காது போனது.
எல்லாரும் வேறொரு காரணத்தை எதிர்பார்த்து முகத்தை வைத்துக்கொள்வார்கள்.
காய்ச்சல்தான்.
அவளுக்கு விளங்கினால் மட்டுமே படம் இங்கிருந்து போகும்.
கொப்பியில் எழுதிக் காட்டினாள்:
"கரகரப்பு தொண்டையிலோ, ஆளிலோ?"
படத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு
ஆளில் என்றேன்.
"அப்ப அதை எழுது."

மஃபிள்ட்?
தலையணைக்குள்ளால் கேட்பது போல, என்று விளக்கினேன்.
"எனக்குத் தலையணை எண்டா நித்திரை" என்று எழுதி
தன் பகிடிக்குத் தானே சிரித்தாள்.

நேற்று வந்தது பனி கொட்டும் ஊர்ப் படம் ஒன்று.
ரம்பிள் என்று வந்த இடத்தில் இடிமுழக்கம் போட்டிருந்தேன்.
குறுக்கே கோடிழுத்தாள்.
"இடியெண்டா ஆக்கள் மேல பாப்பினம்.
இவையள் கதவைப் பாக்கினம்."
ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்.
ஓம். நாலு பேரும் கதவை.
லொறி.

நாற்பத்தோராவது நிமிடம்,
ஒரு மனிசி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள்.
கத்தி நிற்கிறது.
கழுத்து ஒரு விரற்கடை திரும்புகிறது.
பிறகு சீவுகிறாள்.
றோஸ்லின் மேசையில் இரண்டுதரம் தட்டினாள்:
இதில என்ன சத்தம்? எழுத மறந்திட்டாய்.
முழுதாய்க் கூட்டி வைத்துக் கேட்டேன்.
அமலதாசின் காதையும் கடன் வாங்கினேன்.
ரோட்டில் ஓட்டோவின் ஹோர்ன், தலைக்கு மேல் காற்றாடி;
படத்துக்குள் ஒன்றுமேயில்லை.
"ஒண்டும் இல்லை" என்று எழுதினேன்.
கீழே எழுதினாள்: "அவளுக்குக் கேட்டது."

பட்டியலில் விரலோட்டினேன்.
ஃபெயின்ட், ஹஷ்ட், மர்மர்.
எல்லாம் குறைவாய்க் கேட்பதற்கு.
கேட்டதோ இல்லையோ என்று
கழுத்துக்கு மட்டும் தெரிவதற்கு அதில் சொல் கிடையாது.
எங்களிடம் இருந்தது.
நடுச்சாமத்தில் நாய் குரைக்காமல் எழும்பி நின்றால்
விளக்கைக் குறைத்துவிட்டுச் சொல்லிக்கொள்வது.

[சிலமன்]

இரண்டு செக்கன் நிற்க விட்டேன்.
றோஸ்லின் பார்த்தாள், பின்னுக்கு இழுத்து இன்னொருக்கால் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் அடுத்த காட்சிக்குப் போய்விட்டாள்.

இன்று காலை மின்னஞ்சல்:
"41:07. இவ்விடத்தில் ஒலி இல்லை. நீக்கவும். மற்றவை நன்று."
அழியடி, என்றான் அமலதாஸ்.
அழிக்கலாம். ஒரு விசைதான்.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது.
கீழே ஜெனரேற்றரை இழுத்து முடுக்கினார்கள்.
றோஸ்லின் உள்ளங்கையை மேசையில் பரத்தி வைத்தாள்,
என் கையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.
இதுக்கு என்ன பேர்?
பட்டியலில் மூன்று கிடந்தன.
ஹம் போதாது. த்ரொப் நெஞ்சுக்குரியது.
ட்ரோன் என்பதை நாங்கள் வேறொன்றுக்கு வைத்திருக்கிறோம்.
பேனையை என்னிடம் நீட்டினாள்.
சாப்பாட்டுப் பெட்டியின் மூடி
நடுங்கி நடுங்கி
மேசை விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது.