இதினு வோட்டில்ல

நூற்று எண்பத்து மூன்று கை தூக்கினோம்
காலனிக் குழாயை அடைத்துவிடலாமென்று.
எதிராகப் பதினாறு.
மாசியிலேயே கிணறு தரை காட்டிய வருஷம்,
கொழிஞ்சாம்பாறைத் தக்காளி
பூவோடு கருகிற்று.
என் கை கொஞ்சம் தாமதமாக எழுந்தது.
எழுந்தது.

செயலாளர் விலாசினி எண்ணவே இல்லை.
கண்ணாடியைத் துடைத்தபடி
"இதினு வோட்டில்ல" என்றார்.
"ஆள் கூடுதல் எங்க பக்கம்,
ஜனநாயகம்தானே இது?"
பெஞ்சைத் தட்டினான் கிட்டுச்சாமி.
"ரிப்பப்ளிக்கும் ஆணு."
ஜனவரியில் ஒட்டிய காகிதக்கொடி
அவர் தலைக்கு மேல்
ஒரு முனை விட்டு ஆடிக்கொண்டிருந்தது.
அடுத்த பொருள், தெருவிளக்கு.

கடுகடுத்து வெளியே வந்து
பீடிக்குப் பையைத் துழாவினால்
கையில் வருகிறது
ரேஷன் கார்டுக்கு நான் எழுதிய மனு.
தமிழில் எழுதியது.
அதன்மேல் அதே விலாசினியின் முத்திரை,
ஊதா மை, கொஞ்சம் கோணலாக.

இதற்குக் கை தூக்கச் சொல்லியிருந்தால்
காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம்வரை
எத்தனை எழுந்திருக்கும்?
எண்ணிப் பார்த்தேன்.
பதினாறுகூடத் தேறவில்லை.

பீடி கிடைக்கவில்லை.
காலனிக் குழாயடியில் வரிசை,
நிரம்பிய குடம் ஒன்று இடுப்பேறியது.
எனக்கும் நல்ல தாகம்.
கேட்க வாய் வரவில்லை.