ஒயர்

பேசின் பிரிட்ஜில் அந்தப் பையனை
அதட்டியது நான்தான்.
"ஹெட்போன் எதுக்குடா வெச்சிருக்கே? காதுல மாட்டு."
மாட்டிக்கொண்டான்.

ஒன்பது இருபது கும்மிடிப்பூண்டி லோக்கல்.
கொருக்குப்பேட்டையில் காலிக் கூடைகள் ஏறின,
செருப்பெல்லாம் மீன்தண்ணி.
நானும் என் காதுகளை அடைத்துக்கொண்டேன்.

எபி பாடியது.
கேரம் கிளப்பில் யாரோ செல்லில் பிடித்தது.
ஸ்ட்ரைக்கர் மோதும் சத்தம்,
"ரெட்டைப் போடுறா" என்று ஒரு குரல்,
மூன்றாவது அடியில் அவன் இருமல்.

தண்டையார்பேட்டை தாண்டி
சிக்னலில் வண்டி சும்மா நின்றது.
சீட்டாட்டக்காரர்கள் சீட்டை விரித்தபடியே இருந்தார்கள்.
கூடைக்காரம்மா பேச்சைப் பாதியில் விட்டிருந்தார்.
பரவாயில்லை,
இன்றைக்கு ஒழுங்கான பெட்டி
என்று நினைத்துக்கொண்டேன்.

விம்கோ நகரில் பாட்டு முடிந்தது.
அப்புறம் எபி சிரிப்பான்,
"போதும், ஆஃப் பண்ணுடா" என்பான்.
அதுவும் முடிந்த பிறகுதான்
பையன் என் சட்டைப்பையைத் தொட்டான்.

"அண்ணே, ஒயரு கழண்டிருக்கு."

எங்கேயிருந்து என்று நான் கேட்கவில்லை.

ஜன்னல் பக்கம் பார்த்தபடி
கூடைக்காரம்மா கேட்டார்:
"பாடுச்சே,
யாருப்பா அந்தப் புள்ள?"