ஐம்பது சென்டிமீட்டர்

முதல் குழி முப்பத்து மூன்றில் முடிந்தது.
கடப்பாரை 'ணங்' என்றது.
ஆர்டெல் ஹோலியோக் தொப்பியைக் கழற்றினார்,
பழகிய வீட்டுக் கதவு சாத்துவதைக் கேட்பதுபோல்
அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு
மறுபடி மாட்டிக்கொண்டார்.

யூட்டாவில், சான் ரஃபேலுக்குத் தெற்கே.
ஆண்டுக்கு எட்டு அங்குல மழை;
அதில் பாதி ஆகஸ்ட்டின் ஒரே மதியத்தில்
வந்த வேகத்தில் ஓடையில் போய்விடும்.
இங்கே மண் என்பது
பாறை தன்னைப் பற்றிப் பரப்பிய
சின்ன வதந்தி.

லெவினா ஒரு பிடி அள்ளி
இரண்டு சொட்டு நீர் விட்டுப் பிசைந்தாள்,
கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளினாள்.
நாடா வரவில்லை.
நகத்தளவு நீண்டு உதிர்ந்தது.
"மணல் தூக்கல்," என்றாள். எழுதினேன்.
நிறம்: மிளகாய் வற்றலை ஊறவைத்த தண்ணீர்.
(படிவத்தில் அதற்கு எண்தான் உண்டு.)
அமிலம் ஒரு சொட்டு:
மேல்மண் வாய் திறக்கவில்லை.
ஒரு சாண் கீழே விட்டதும்
சோடாபோல் சீறியது சுண்ணாம்பு.
எத்தனையோ காலத்து மழை
அதுவரை இறங்கி
அங்கேயே தீர்ந்துபோயிருக்கிறது.

"ஐம்பது வந்தால்?" என்றார்.
ஐம்பது வந்தால் வேறு வகுப்பு.
'ஆழமற்றது' என்ற சொல் அடிபட்டு
'ஓரளவு ஆழமானது' என்றாகும்.
பன்னிரண்டு மாடு கூட மேயலாம்,
வங்கிக்காரர் நாற்காலி காட்டுவார்.
எங்கள் கையேட்டை
எங்களைவிட நன்றாகப் படித்திருந்தார் மனிதர்.

இரண்டாவது, முப்பத்தெட்டு.

குழிக்கும் குழிக்கும் நடுவே
கல்லிலிருந்து கல்லுக்குத் தாவிப் போனோம்.
கருப்பாய், பொருக்காய், கருகிய தோசைபோல்
மேலே படர்ந்திருப்பது உயிர்;
மணலைத் தைத்துப் பிடித்திருப்பது அதுதான்.
ஒரு மிதிக்கு ஐம்பது வருடம் என்று கணக்கு.
அவரும் எங்களோடு தாவினார், அறுபத்தெட்டு வயதில்.
"மாடுகளிடமும் சொல்லிப் பார்த்தேன்," என்றார்.

அவருடைய வேலிக்கால்கள் நடப்பட்டவை அல்ல.
கம்பிக்கூடையில் கல் நிரப்பி
அதற்குள் நிறுத்தியவை;
நாலு மைலுக்கு அப்படியே
ஒருவரும் இறங்காத பேருந்துபோல் நிற்கின்றன.
போன குளிர்காலத்தில் செத்த குதிரைக்கும்
குழி கிடைக்கவில்லை.
"இங்கே புதைக்கிறது என்றால்
மேலே அடுக்குகிறது," என்று
ஒரு கற்குவியலைத் தாடையால் காட்டினார்.

மூன்றாவது, நாற்பத்தொன்று.
"இன்னும் ஒரு கை," என்றார். "அதோ, அந்த ஜூனிபர் பக்கம்."

அங்கே கடப்பாரை
சத்தமே போடாமல் இறங்கியது.
பிடி வரைக்கும். ஒரு மீட்டர் பத்து.
ஆர்டெல் மண்டியிட்டார்.
"எழுதுங்கள்!"
நான் பேனாவை எடுக்கவில்லை.
லெவினா குப்புறப் படுத்துத்
தோள் வரை கைவிட்டாள்.
வெகுநேரம் எதையோ தடவிக்கொண்டிருந்தாள்.

"விரிசல்," என்றாள். "கை நுழையும், அவ்வளவுதான்.
உள்ளே முழுக்க வேர்.
கதவிடுக்கில் தள்ளிய கடிதம்போல்
தட்டையாய்."
வெளியே வந்த விரல்நுனியில்
மண் ஒட்டியிருந்தது, உதிராமல்.
ஜூலை மாதம்.

அவர் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தார்.
பிறகு நாற்பதாண்டு மாடு மேய்த்த கண்ணால்
மரத்தை உச்சி வரை பார்த்தார்.
"இதை எழுத இடம் இருக்கிறதா?"
இல்லை. கட்டமே இல்லை.
ஓரத்தில் சின்ன எழுத்தில் குறித்தேன்.
ஆழம் என்ற கட்டத்தில்
மூன்று குழிகளின் சராசரி: முப்பத்தேழு.
ஒன்றும் பேசாமல் கையெழுத்திட்டார்.
பேனா மணலில் நறநறத்தது.

அடிமண்ணை அடியில், மேல்மண்ணை மேலே,
பொருக்கை அதன் முகம் வானம் பார்க்க
வைத்து மூடினோம்.
எப்படி மூடினாலும் ஒரு பிடி மிஞ்சுகிறது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி.
மேல்முறையீடு என்றுதான் நினைத்தேன்.
"அந்த ஜூனிபர் பக்கத்தை
நன்றாக மூடினீர்களா?"
மூடினோம் என்றேன்.
"சரி. ஈரம் போய்விடும், அதுதான்,"
என்று வைத்துவிட்டார்.