இருந்தாலும்

இரண்டு வயதில் முகிலுக்கு
நிறம் என்றால் தின்பண்டம்.
29சி பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும்
எதிர் சீட்டுக்காரர்களை ஒவ்வொருவராய்ச் சுட்டி
"பேரீச்சம்பழம், பன்னு, டீ, இன்னொரு டீ" என்பாள்.
யாரும் கோபித்ததில்லை.
அவள் அப்பா இட்லிமாவு. நான் புளி.
புளிதான் ரொம்பப் பிடிக்கும்.
என் தோளை நக்கிப் பார்ப்பாள்.

மூன்றில் தன் கையைக் கண்டுபிடித்தாள்.
மேலே ஒரு நிறம், திருப்பினால் வேறு.
"அம்மா, இந்தப் பக்கம் வேற ஆளு"
என்று நாள் முழுக்கத் திருப்பித் திருப்பி
அந்த வேற ஆளுக்கு வணக்கம் வைத்தாள்.

பிளேஸ்கூல் டப்பாவில்
'உடம்புக் கலர்' என்று ஒரு கிரேயான்.
அதை எடுத்து எலிக்கு அடித்தாள்.
மிஸ் ஸ்டார் போட்டிருந்தார்.

அயனாவரத்தில் எங்கள் எதிர்வீட்டில் ருவாட்டா.
ஐசால் பக்கம் ஊர். அவன் அம்மா ஸோதினி
பார்லர் ஒன்றில்
எங்கள் தெருப் பெண்களின் புருவங்களைத் திருத்துகிறாள்.
முதல் நாள் முகில் கேட்டது இவ்வளவுதான்:
"இப்பதான் தூங்கி எந்திரிச்சியா?"
அவன் ஆமாம் என்றான். உண்மையும் அதுதான்.
சைனா என்ற சொல்லைக் கொண்டுவந்து கொடுத்தது
தண்ணீர் கேன் போடுகிறவரா, இரண்டாம் மாடி வக்கீலா, தெரியாது.
நானாகவும் இருக்கலாம்.
போனில் ஒருமுறை, வாடகை பற்றிய பேச்சில்.
ஞாபகமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு அந்தப் புரசைவாக்கம் துணிக்கடை.
நாலேகால் வயது.
மஞ்சள் பாவாடையை மேலே வைத்துப் பார்த்த விற்பனைப் பெண்
கன்னத்தைக் கிள்ளிச் சொன்னாள்:
"கறுப்பா இருந்தாலும் பாப்பா களையா இருக்கு."
அவள் என்னைவிடக் கறுப்பு.
காலையிலிருந்து நின்று வீங்கிய கால்.
நான் சிரித்தேன். பாராட்டுத்தானே.
மஞ்சளை விட்டுவிட்டு
"இது எடுப்பா காட்டும்" என்று அவள் நீட்டியதை வாங்கினேன்.

ஆட்டோவில் கேள்வி வந்தது.
கறுப்பைப் பற்றி அல்ல, களையைப் பற்றியும் அல்ல.
"இருந்தாலும்னா என்னம்மா?"

ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவள் நான்.
"மழை பெஞ்சாலும் ஸ்கூல் உண்டுன்னு சொல்வோம்ல, அது மாதிரி."
"மழை பெஞ்சா லீவும்மா."
சரிதான். இந்த ஊரில் அப்படித்தான்.
ஓட்டேரி வரும்வரை யோசித்தாள்.
"அப்ப கறுப்பு மழையா?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
நான் பர்சில் சில்லறை தேடினேன்.

நான்காம் நாள் மொட்டைமாடியில்
துணி எடுக்கப் போனபோது காதில் விழுந்தது:
"டேய், நீ சைனாவா இருந்தாலும் என் ஃபிரெண்டு."
எழுவாய், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில்.
ஒரு பிழை இல்லை.
ருவாட்டா பந்தைக் கீழே வைத்தான்.
அவனுக்கும் எங்கள் தெருத் தமிழ்தானே:
"நீ கறுப்பா இருந்தாலும் நானுந்தான்."
இருவருக்கும் சந்தோஷம்,
பெரியவர்கள் சொல் ஒன்று கைக்கு வந்துவிட்டதில்.
கைகொடுத்துக்கொண்டார்கள்.
கையைத் திருப்பிப் பார்க்கவில்லை.
கிளிப்பை வாயில் கவ்வியபடி நின்றேன்,
காய்ந்துவிட்ட துணியை மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமை இலக்கண வகுப்பு. இழிவு சிறப்பும்மை.
ஒரு சின்ன உம்.
ஒட்டினால் போதும்,
ஒட்டிய இடம் ஒரு படி இறங்கிவிடும்.
வழக்கமான எடுத்துக்காட்டை எழுதினேன்:
காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.
பதினோரு வருடமாக எழுதுகிறேன்.
அந்தக் காக்கையிடம் யாராவது கேட்டோமா?
"நீங்களே ஒண்ணு சொல்லுங்க. வீட்டில கேட்டது."

இலக்கணத்துக்குக் கை தூக்காத வகுப்பு அது.
வெளியே மழை, வருவதா வேண்டாமா என்றிருந்தது.
கடைசி பெஞ்சில் ஒருத்தி.
அப்புறம் ஜன்னலோரம்.
அப்புறம் எல்லோரும்.
நாற்பத்தொரு கை.
உள்ளங்கை எல்லாம் என்னைப் பார்த்தபடி.