கட்டுப்பாட்டுக் கிண்ணம்

அணைக்கட்டுப் பக்கம், முனிரத்தினத்தின் கத்தரி வயல்.
வரப்போரப் பள்ளத்தில்
முந்தின ராத்திரி கோடை மழைக்கு இட்டது மிதந்தது.
வெந்த ஜவ்வரிசி, மணிக்கு ஒரு கடுகு.
சாப்பாட்டு டப்பாவில் அள்ளிக்கொண்டு
பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.
"பாயசமாம்மா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்.

ஆறு கிண்ணம். கிண்ணத்துக்கு ஐம்பது.
ஐந்தில் மருந்து, சொட்டுக் கணக்கில்.
மருந்து என்றுதான் சொல்கிறோம்.
கையில் சீட்டோடு வங்காளத்திலிருந்து வந்து
இந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களுக்கு
இந்தச் சொல்லை எப்படி விளக்குவதோ.
ஆறாவதில் வெறும் தண்ணீர்.
மூடியில் 'க' என்று எழுதினேன். கட்டுப்பாடு.

பதினெட்டாம் மணி.
முதுகில் ஒரு பள்ளம் விழுந்து
இரண்டு கரையும் நெருங்கி மூடவேண்டும்,
ரவிக்கைக்குக் கொக்கி போடுகிற மாதிரி.
நான்காம் கிண்ணத்தில் கொக்கி மாட்டவேயில்லை.
மறுநாள் ஐந்தாவதில் வால் வளைந்திருந்தது.
கேள்விக்குறி என்று எழுதப்போய் அடித்துவிட்டேன்,
கேள்விக்குறிக்காவது கீழே ஒரு புள்ளி உண்டு.

ரெஹானா எண்ணினாள், நான் எழுதினேன்.
கோணல் முப்பத்தொன்று.
இறப்பு பன்னிரண்டு.
மீதி ஏழும் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.
நுணலும் தன் வாயால் கெடுமாம்.
இவற்றுக்கு வாய் திறக்க
இன்னும் இரண்டு நாள் இருந்தது.

முனிரத்தினத்தை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.
மூக்கில் துண்டு, வெறுங்கால்,
ஒரு நாளைக்குப் பத்து டேங்க் அடிக்கிறவர்.
"புழு விழுந்த காயை நீ வாங்குவியா?" என்று கேட்டார்.
வாங்கமாட்டேன்.
போன வாரம் ஒரு பை கொடுத்தனுப்பினார்.
எண்ணெய்க் கத்தரி வைத்தோம்.
நன்றாகத்தான் இருந்தது.

கடைசியாகத்தான் 'க'வைத் திறந்தோம்.
ஐம்பதில் ஒன்பது கோணல்.
மேடம் லென்ஸைத் துடைத்துவிட்டு
இன்னொரு தடவை பார்த்தார்.
"தண்ணி எங்க புடிச்ச?"
எங்க வீட்டுக் கிணறு மேடம். கணியம்பாடி.
"இந்தக் கணக்கு சேராது.
கேன் வாங்கிட்டு முதல்லேர்ந்து பண்ணு."

தொட்டியில் கவிழ்த்தேன்.
ஒன்று மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்றது.
விரலால் தள்ளினேன்.

மேசைமேல் என் பாட்டில்,
காலையில் அதே கிணற்றில் நிரப்பியது,
பாதி குடித்தது.
வெளியே கத்திரி வெயில்.
கேன்காரன் வர மூன்று மணி ஆகும்.
மூடியைத் திருகினேன்.